மூன்று நிமிஷம்

பாரத்தில் ஆறாவது பத்தி:
‘கணவரின் படை எண், பதவி.’
‘கணவரின்’ என்ற சொல்லை
அடிமட்டம் வைத்து அடிப்பார் தோர்க்காள் அம்மையார்.
பிறகு தன் எண்ணை எழுதுவார்.
பச்சை மை.
பச்சை, கெஜட் பதிவு பெற்ற அதிகாரிகளுக்கு மட்டும் என்றேன்.
மறு வருஷமும் பச்சைதான்.

வேலூர் முன்னாள் படைவீரர் அலுவலகத்தில்
நான் அப்போது இளநிலை உதவியாளன்.
கத்திரி தொடங்கும் அன்று வருவார்,
தோட்டப்பாளையத்திலிருந்து நடந்து,
கறுப்புக் குடையும் ரப்பர் செருப்புமாக.
கையில் ஒரே உறை. உள்ளே விடுவிப்புச் சான்று,
மடிப்பில் கிழிந்து, தபால்தலை ஓரத்தால் ஒட்டியது.
அதில் ‘துணைப்படை’ என்று இருந்தது.
துணைக்கு ஓய்வூதியம் இல்லை என்று
எங்கள் விதியில் இருந்தது.
பதிலைத் தட்டச்சு செய்வது நான்தான்.
ஒரு தடவை ‘வருந்துகிறோம்’ என்பதில்
துணைக்கால் விட்டுப்போயிற்று.
பச்சையில் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

உட்காரச் சொன்னால் உட்காருவார்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.
மூன்று நிமிஷம்.
வாக்கியம் பாதியில் நின்றாலும் எழுந்துவிடுவார்.
குமில்லாவில் மூங்கில் தட்டிக் கொட்டகையில்
காதில் இரும்பு வளையத்தோடு
மூன்று வருஷம் உட்கார்ந்த பழக்கம்:
நேரம் முடிந்தது, துண்டிக்கிறேன்.
ஆக அவர் கதை எனக்கு
ஒன்பது கத்திரியில்
இருபத்தேழு நிமிஷமாகக் கிடைத்தது.

கம்பவுண்டர் அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்றது.
அத்தை போட்டது.
காக்கிப் புடவைக்குக் கஞ்சி அதிகமானால்
நடக்கும்போது தகரம் மாதிரிச் சத்தம் வரும் என்பது.
நாலாவது வருஷம் ஒன்றுமே சொல்லவில்லை,
தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

ஏழாவது வருஷம் ஒரு ராத்திரியைச் சொன்னார்.
இந்த முனையில் வெள்ளைக்காரக் கேப்டன்,
அந்த முனையில் எழுதிக்கொள்ளும் ஆள்.
கேப்டன் பெயர்களை வாசிக்கிறான்.
அவன் வாயில் நம் ஊர்கள் நொறுங்குகின்றன.
மறுபடி சொல்லுங்கள் என்கிறான் எழுதுகிறவன். மறுபடி.
ஊசூர். பென்னாத்தூர். அடுத்தது புரியவே இல்லை.
“குறுக்கே பேசக் கூடாது, அதுதான் சட்டம்.
பேசினேன். எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.
கணியம்பாடி. முனிரத்தினம். தகப்பன் சின்னக்கண்ணு.
தப்பா எழுதினா தந்தி
வேற வீட்டுக் கதவைத் தட்டிடுமே தம்பி.”
குடையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த கத்திரிக்கு
நாற்காலியை இழுப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.
லீவில் காட்பாடியில் இறங்குகிறார்.
முறுக்குக் கூடைக்காரி ஒருத்தி
காக்கியைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.
மிலிட்டரி ஆட்கள் இறங்கும் வண்டி ஒவ்வொன்றுக்கும் வருவாளாம்,
கூடை ஒரு சாக்கு.
“நீயும் அங்கதான கீற?
எம்புள்ள முனிரத்தினம், கணியம்பாடி.
எப்பிடிக் கீறான்?”
தந்தி இன்னும் வந்து சேரவில்லை.
அது அவள் முகத்திலேயே இருந்தது.
இவர் வாயில் ரகசியக் காப்புப் பிரமாணம் இருந்தது.
“அதுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா” என்றவர்
கடிகாரத்தைப் பார்த்தார்.
எழுந்துவிட்டார்.

ஒரு வருஷம் முழுக்க
அந்தப் பிளாட்பாரத்தில் நின்றேன் நான்.
ஒன்பதாவது கத்திரிக்கு
முந்தின நாளே சாவி கொடுக்காமல்
கடிகாரத்தை நிற்க விட்டேன்.
வந்தார். பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு
அறுபது வயதில் ஏறினார்.
சாவி கொடுத்து, தன் கைக்கடிகாரம் பார்த்து
முள்ளைத் திருப்பி வைத்தார்.
“அரசாங்கக் கடிகாரம். நிக்கக் கூடாது.”

பிறகு கீழே இறங்கிக்கொண்டே,
பாரத்தை நீட்டிக்கொண்டே:
“ஒண்ணும் சொல்லல.
கூடையோட மொத்த முறுக்கையும் வாங்கினேன்.
எவ்வளவுன்னு கேட்டேன், ஒண்ணே கால் ரூபான்னா.
குடுத்தேன்.
சில்லறை எண்ணுறப்போ அவ கை ஆடல.
வீட்டுல எல்லாரும் தின்னாங்க.
நல்லா இருந்தது முறுக்கு.”

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.
மீதி இரண்டு நிமிஷமும்
எதிரே உட்கார்ந்திருந்தார், பேசாமல்.
முள் வந்ததும் எழுந்தார்.

அந்த வருஷமும் அதே பதிலைத்தான்
தட்டச்சு செய்தேன்.
‘வருந்துகிறோம்.’
துணைக்கால் இருக்கிறதா என்று
இரண்டு தடவை பார்த்தேன்.